ஆரஞ்சு ஆற்றில் நான்கு நாள்: கனூப் பயணத்துக்கு மூட்டை கட்டும் முறை

டர்பனிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களுமாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு ஆரஞ்சு ஆற்றுக்கு ஏழெட்டு முறை போய்விட்டேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பாறைகளுக்கு நடுவே தண்ணீர் துள்ளும் இடத்தில் என்று நினைப்பீர்கள். இல்லை. எல்லை ஊரான ஃபியூல்ஸ்ட்ரிஃப் பக்கத்து மணற்கரையில், காலை எட்டு மணிக்கு, சக்கரம் வைத்த சூட்கேஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே தடுமாறிவிடுகிறார்கள். எதிரே வரிசையாக மூடி வாளிகள். சூட்கேஸில் இருப்பதில் பாதிகூட வாளிக்குள் போகாது. அவசரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் ஸ்வெட்டரை விட்டுவிட்டு ஷாம்பூவை எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பகுதியில் ஆறுதான் தென்னாப்பிரிக்காவுக்கும் நமீபியாவுக்கும் எல்லை. ஒரு படகில் இரண்டு பேர். கடை கிடையாது, போனுக்குச் சிக்னல் கிடையாது, இரவில் மணலில் படுக்கை. முதலையும் நீர்யானையும் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். வெயில், குளிர், நனைந்த போர்வை, இவை மூன்றும்தான் உங்களைச் சோதிக்கும். மூன்றுக்கும் வீட்டிலேயே வழி செய்துவிடலாம், வரிசையாகச் செய்தால்.

1. முதலில் தேதி, அப்புறம் பட்டியல்

டிசம்பர், ஜனவரியில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலை இரவில் 5 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். அதே ஆறு, அதே கரை, ஆனால் மூட்டை வேறு. தேதி முடிவாகாமல் எதையும் வாங்காதீர்கள்.

பாலைவனம் என்றால் எப்போதும் சூடு என்று நம்மூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறோம். டர்பனில் ஜூலை மாதம் ஒரு மெல்லிய ஜாக்கெட்டோடு கழிந்துவிடும். கடல் பக்கத்தில் இருப்பதால் இரவிலும் சூடு தங்குகிறது. அங்கே மேகமும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. சூரியன் இறங்கியதும் மணலின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும்.

வெயில் காலத்தில் கதை வேறு. டர்பன் புழுக்கத்தில் வியர்வை சட்டையில் ஒட்டுவதால், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உடம்பே சொல்லிவிடும். அங்கே வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். தலைவலி வந்த பிறகுதான் விஷயம் தெரியும். வெயில் காலத்தில் ஆளுக்கு நாளுக்கு நாலைந்து லிட்டர் குடிதண்ணீர் என்று கணக்கு வையுங்கள்.

ஏப்ரலும் செப்டம்பரும் எனக்குப் பிடித்த மாதங்கள். இரண்டு பக்கத்துத் தொல்லையும் பாதிப் பாதி.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் தண்ணீர் மட்டத்தையும் விசாரியுங்கள். மேலே பெய்யும் மழையையும், காரீப், வான்டர்க்ளூஃப் அணைகளில் திறந்துவிடும் தண்ணீரையும் பொறுத்து அது மாறும். குறைவாக இருந்தால் இறங்கிப் படகை இழுக்க வேண்டிவரும், அப்போது காலணி முக்கியம். நிறைய ஓடினால் படகு கவிழ வாய்ப்பு அதிகம், அப்போது கட்டுக் கயிறு முக்கியம்.

2. பயண ஏற்பாட்டாளரிடம் ஐந்து கேள்வி

கடைக்குப் போவதற்கு முன் கேளுங்கள். ஆளுக்கு எத்தனை வாளி, எத்தனை லிட்டர்? படுக்க மெத்தை தருவீர்களா? தட்டு, குவளை யாருடையது? குடிதண்ணீர் எப்படி? குளிர்பெட்டியில் எங்களுக்கு எவ்வளவு இடம்?

பெரும்பாலும் படகு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், சமையல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. படுக்கை, டார்ச், தட்டு, குடிக்கிற பானம் நம்முடையது. ஆனால் ஆளுக்கு ஆள் இது மாறும். போன முறை தந்தார்கள் என்று நம்பிப் போய் மூன்று பேர் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம்.

வாளியின் அளவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வீட்டில் பெயின்ட் வந்த 20 லிட்டர் வாளி கிடந்தால் கழுவி, அதில் அடக்கிப் பாருங்கள். அதற்குள் அடங்கினால் அங்கே தரும் வாளியிலும் பெரும்பாலும் அடங்கும்.

பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். ஏற்பாட்டாளர்களின் முகாம் நமீபியக் கரையில் இருந்தால் எல்லைச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட் உள்ள நமக்கு விசா தேவையில்லை, ஆனால் காலாவதியான பாஸ்போர்ட்டோடு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள், கூட வருவது தாய் தகப்பனில் ஒருவர் மட்டும் என்றால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள்.

3. தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள்

உடை ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம் என்று வகை பார்த்துப் பிரிப்பதுதான் வழக்கம். படகில் அது உதவாது. எப்போது தேவைப்படும் என்று பார்த்துப் பிரியுங்கள்.

முதல் குவியல், இரவில் மட்டும் தேவைப்படுவது: ஸ்லீப்பிங் பேக், இரவு உடை, ஹெட்லாம்ப். இரண்டாவது, நடுப்பகலில் கரை ஒதுங்கும்போது தேவைப்படுவது: மதியத் தீனி, மாற்றுச் சட்டை, கழிப்பறைக் காகிதம். மூன்றாவது, துடுப்புப் போடும்போதே கை நீட்டி எடுக்க வேண்டியது: தண்ணீர், சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, அவசர மருந்து.

காரணம் மணல். வாளி மூடியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். நாலு மணல் துகள் அதில் உட்கார்ந்தால் போதும், மூடி இறுகியது போலவே தெரியும், தண்ணீர் உள்ளே போகும். வாளியைப் பகலில் எத்தனை முறை திறக்கிறீர்களோ அத்தனை முறை மணலுக்கு வழி விடுகிறீர்கள். இரவு வாளியைக் காலையில் மூடினால் மாலை வரை திறக்கவே கூடாது. சன்ஸ்கிரீனை அதற்குள் வைத்துவிட்டால் பத்து முறை திறப்பீர்கள்.

4. இரவு மூட்டையை முதலில் கட்டுங்கள்

என் முதல் பயணத்தில் ஸ்லீப்பிங் பேக்கைக் கடைசியாகக் கட்டினேன். அதற்குள் வாளி நிறைந்துவிட்டது. குப்பைப் பையில் சுற்றிப் படகின் மேலே வைத்தேன். இரண்டாம் நாள் கவிழ்ந்தோம். அன்று இரவு நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்தே விடிந்தது. மற்றதெல்லாம் நனைந்தால் பாலைவன வெயில் ஒரு மணி நேரத்தில் காயவைத்துவிடும். ஸ்லீப்பிங் பேக் மாலையில் நனைந்தால் காலை வரை காயாது. அதனால்தான் இதற்கு முதலிடம்.

வாளிக்குள் தடித்த குப்பைப் பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக விரியுங்கள். ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டாமல் கையால் திணியுங்கள். சுருட்டினால் நடுவில் இடம் வீணாகும், திணித்தால் மூலை முடுக்கெல்லாம் நிறையும். மேலே இரவு உடை. உள்பையைத் திருகி, மடக்கி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, அப்புறம் மூடி.

இரவு உடை ஒரே ஒரு செட் போதும். எல்லா இரவும் அதேதான். குளிர் காலம் என்றால் ஃப்ளீஸ் மேல்சட்டை, நீளமான உள்பேன்ட், கம்பளித் தொப்பி, காய்ந்த சாக்ஸ். ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும், ஜீன்ஸ் துணி அதில் மோசம். அக்கா மகன் ஒருத்தன் ஜீன்ஸைத் தவிர வேறு பேன்ட் இல்லாமல் வந்தான். மூன்று நாள் என் பழைய டிராக்சூட்டில்தான் திரிந்தான். இன்னும் திருப்பித் தரவில்லை.

இந்த உடையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறக் கூடாது. காலையில் ஈரமான பகல் உடையை மறுபடி மாட்டச் சோம்பலாக இருக்கும். அந்தச் சோம்பலில்தான் காய்ந்த உடை நனைகிறது.

5. பகல் உடை: உட்கார்ந்த நிலையில் யோசியுங்கள்

கடையில் நின்றபடி உடை தேர்ந்தெடுக்கிறோம். படகிலோ ஆறு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்போம். நிற்கும்போது வெயில் தோளில் விழும். உட்கார்ந்தால் நேராகத் தொடை மேல் விழும். அரைக்கால் சட்டை மேலே ஏறி, முழங்காலுக்கு மேல் ஒரு சாண் திறந்து கிடக்கும். முதல் நாள் மாலை புதியவர்களின் தொடை தக்காளி நிறத்தில் இருப்பது இதனால்தான். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்குக் கீழேயும் சுடும். பாதத்தின் மேல்பக்கத்தை யாருமே நினைப்பதில்லை.

எங்கள் குழுவில் எல்லோரும் ஒரு பழைய லுங்கி கொண்டுபோகிறோம். ஆற்றில் முக்கித் தொடை மேல் போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குக் குளுமை. கரையில் உடை மாற்றத் திரை, மதியம் மர நிழல் இல்லாத இடத்தில் இரண்டு துடுப்பை நட்டு மேலே கட்டினால் பந்தல். கேலி செய்த வெள்ளைக்காரர்கள் மூன்றாம் நாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

மேலே நீளக் கை, காலர் வைத்த லேசான சட்டை. பகலுக்குப் பருத்தி கெட்டதில்லை. வெயில் காலத்தில் நனைந்த பருத்திச் சட்டை உடம்பைக் குளிர்விக்கும், அதுதான் வேண்டும். அதே சட்டை மாலை ஐந்து மணிக்கு மேல் எதிரி. சூரியன் மலைக்குப் பின்னால் போவதற்குள் கழற்றிவிடுங்கள். குளிர் காலத்தில் பகலுக்கும் சீக்கிரம் காயும் செயற்கை நூல் சட்டையே சரி, கூடவே காற்றுத் தடுக்கும் ஒரு மெல்லிய மேலங்கி.

தொப்பிக்குத் தாடைக் கயிறு கட்டாயம். ஆறு மேற்கே கடலை நோக்கிப் போகிறது, மதியக் காற்று அங்கிருந்து நேராக முகத்தில் அடிக்கும். மூக்குக் கண்ணாடிக்கும் கயிறு. பார்வைக் கண்ணாடி இல்லாமல் முடியாது என்பவர்கள் பழைய ஜோடி ஒன்றை இரவு வாளியில் போடுங்கள்.

பெரிய குளியல் துவாலை அரை வாளியை அடைத்துக்கொள்ளும், காயவும் காயாது. நம்ம மெல்லிய துண்டு போதும்.

நகை பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவிவிடும். வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராத பெண்களிடம் கழற்று என்று நான் சொல்வதில்லை. பெரியம்மா செய்தது நல்ல வழி: தங்கச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்து, சட்டைக்குள் ஊக்கு குத்திக்கொண்டார்.

6. காலணி இரண்டு ஜோடி, மூன்றாவது வேண்டாம்

ஆற்றுக்குப் பழைய டெக்கி, அதாவது விளையாட்டு ஷூ, நாடா இறுக்கிக் கட்டியது. ஸ்லாப்ஸ் (ரப்பர் செருப்பு) போட்டுக்கொண்டு படகை இழுக்க இறங்கினால் சேறு ஒன்றை வாங்கிக்கொள்ளும், நீரோட்டம் இன்னொன்றை. வெறுங்காலோடு பாறையில் கால் வைத்து, முதல் நாளே பாதத்தைக் கிழித்துக்கொண்டால் மிச்ச நாள் வீண். புது டெக்கியும் வேண்டாம், ஈரத்தில் உரசிக் கொப்புளம் போடும்.

முகாமுக்கு வேறொரு காய்ந்த ஜோடி. நாள் முழுக்க ஊறிய கால் காற்றுப் பட்டால்தான் தோல் உரியாமல் இருக்கும்.

7. மருந்து: பாதி என் படகில், பாதி உன் படகில்

தினசரி மருந்து எதுவானாலும் இரண்டாகப் பிரித்து இரண்டு படகில் வையுங்கள். ஒரு வாளி போனாலும் ஆள் தப்பிப்பார். எது எந்த வாளியில் என்று குழுவில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு எது? அதனால் இன்சுலினைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வாளிக்குள் அதைவிட எவ்வளவோ சூடு. குளிர்பெட்டியில் பனிக்கட்டியை ஒட்டி வைத்தாலும் தப்பு, உறைந்த இன்சுலின் கெட்டுப்போகும். தண்ணீரில் ஊறவைத்தால் ஆவியாகிக் குளிரும் பைகள் மருந்துக் கடையில் கிடைக்கும். நம்ம மண்பானை வேலை செய்யும் அதே முறை. டர்பன் ஈரக்காற்றில் அது மந்தமாக வேலை செய்யும், அங்கே வறண்ட காற்றில் நன்றாகவே குளிரும். ஆனால் காற்றோட்டம் வேண்டும், மூடி வாளிக்குள் அடைத்தால் பயனில்லை. நிழலில் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று, நாள் முழுக்கத் துடுப்புப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கிளம்புவதற்கு முன் மருந்தின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். குளுக்கோஸ் மிட்டாய் வாளியில் இருக்கக் கூடாது, லைஃப் ஜாக்கெட் பையில் இருக்க வேண்டும். பக்கத்தில் துடுப்புப் போடுகிறவருக்கும் அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள்.

பொது மருந்துப் பெட்டிக்கு: கொப்புளப் பட்டி, கிருமிநாசினி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வலி மாத்திரை, முள் எடுக்கும் இடுக்கி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொப்புளம் வரும் முன்பே பட்டி ஒட்டுங்கள், வந்த பிறகு ஒட்டினால் நிற்காது.

8. சாப்பாட்டில் நம் பங்கு

புரட்டாசியில் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், வானிலையும் அப்போது நன்றாக இருக்கும். கவிச்சி சாப்பிட மாட்டோம் என்பதை முன்பதிவின்போதே சொல்லுங்கள். கரையில் இறங்கிய பிறகு சொன்னால் உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான். பிராய் கம்பி, அதாவது நெருப்பில் வைத்துச் சுடும் கம்பி வலை, எல்லோருக்கும் ஒன்றுதான் இருக்கும், அதில் இறைச்சி படும். சின்ன வாணலி ஒன்று நம் கையில் இருந்தால் யாருக்கும் சங்கடமில்லை.

ஊறுகாய், மசாலாத் தூள் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில். கண்ணாடி பாட்டில் மணலில் உடைந்தால் வெறுங்காலோடு நடக்கும் எல்லோருக்கும் ஆபத்து. புளிச்சோறு முதல் நாள் மதியத்தோடு சரி, அதற்கு மேல் அந்த வெயிலை நம்ப முடியாது.

9. குளியல் தொட்டியில் ஒரு சோதனை

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன், கொண்டுபோகும் எல்லா ட்ரை பேக்கிலும் (வாயை மடித்து மூடும், தண்ணீர் புகாத பை) ஒரு செய்தித்தாளை உள்ளே போட்டு மூடித் தொட்டித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். தாள் ஈரமாக இருந்தால் பை ஓட்டை, அல்லது நீங்கள் வாயைச் சரியாக மடிக்கவில்லை. மூன்று முறைக்குக் குறையாமல் மடிக்க வேண்டும். இரண்டு மடிப்பில் தண்ணீர் ஏறிவிடும். உள்ளே கொஞ்சம் காற்று இருக்கட்டும், ஆற்றில் விழுந்தால் மிதக்கும். போன் உறைக்கும் இதே சோதனைதான், போனுக்குப் பதில் காகிதக் கைக்குட்டை.

வாளிகள் எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும். கலர் இன்சுலேஷன் டேப் வாங்கி, குடும்பத்துக்கு ஒரு நிறம், இரவு வாளிக்கு இரண்டு கோடு என்று ஒட்டுங்கள். இருட்டில் அடுத்தவர் வாளியைத் திறக்கும் கூத்து நடக்காது.

கார் சாவி? முகாம் அலுவலகத்தில் விடுங்கள். மச்சான் காற்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பட்டன் வைத்த சாவி நான்கு நாள் ஆற்றில் குளித்துவிட்டது. மாற்றுச் சாவி டர்பன் வீட்டு அலமாரியில்.

10. படகில் ஏற்றும் வரிசை

முதலில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி இறுக்குங்கள். அப்புறம் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கட்டும். அது காது வரை ஏறினால் உங்கள் அளவு இல்லை, மாற்றிக் கேளுங்கள். ஏற்றுகிற வேலைக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வது, நல்ல அளவுகள் தீர்ந்துவிடும் என்பதால்.

படகைப் பாதி தண்ணீரில் விட்டு ஏற்றுங்கள். முழுக்க மணலில் வைத்து ஏற்றினால் பிறகு ஆறு பேர் தள்ள வேண்டும். கனமானவை, அதாவது தண்ணீர் கேனும் குளிர்பெட்டியும், நடுவில் அடியில். இலேசான படுக்கை வாளி முன்னும் பின்னும். பாரம் படகின் விளிம்புக்கு மேலே எழாமல் இருந்தால் நல்லது. உயர்ந்து நிற்கும் பாரத்தை மதியக் காற்று பாய்மரம் போலப் பிடித்துப் படகைத் திருப்பும், கவிழ்வதும் சுலபம்.

இரண்டு பேரில் கனமானவர் பின்னால். முன்பக்கம் தாழ்ந்தால் படகு திருப்பத்துக்குக் கட்டுப்படாது. கணவன் மனைவி படகுகளில் இதைச் சொல்வது யார் என்பதுதான் பிரச்சினை, வழிகாட்டியைச் சொல்ல வையுங்கள்.

ஒவ்வொரு வாளியின் கைப்பிடியிலும் கயிற்றை நுழைத்துப் படகோடு கட்டுங்கள். கயிறு குட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கட்டும். தொங்கும் வளையம் எதுவும் வேண்டாம், கவிழும்போது அதில் கால் மாட்டினால் ஆள் தண்ணீருக்கு அடியில் சிக்குவார். இதே காரணத்துக்காக உங்களை எதோடும் கட்டிக்கொள்ளாதீர்கள், துடுப்பையும் மணிக்கட்டில் கட்டாதீர்கள்.

மூன்றாவது குவியலைப் போட்ட கையெட்டும் பை மட்டும் ஒரு கொக்கியில், உங்கள் இருக்கைக்கு முன்னால்.

11. கரை ஒதுங்கியதும்

வெளிச்சம் இருக்கும்போதே படுக்கை விரியுங்கள், சமையல் பேச்செல்லாம் அப்புறம். இருட்டில் வாளியைத் திறந்தால் மணல் உள்ளே போவது தெரியாது. முதலில் தரை விரிப்பு, அதன் மேல் மெத்தை, ஸ்லீப்பிங் பேக் மட்டும் படுக்கப் போகும்போது.

ஈரத் துணியை மரத்தில் கட்டும்போது முடிச்சுப் போடுங்கள், சும்மா போட்டால் காற்று கொண்டுபோய்விடும். ஹெட்லாம்பைச் சாப்பாட்டுக்கு முன்பே தலையில் மாட்டுங்கள்.

தேள் உள்ள ஊர் அது. டெக்கியை உள்பக்கம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து, முடிந்தால் காலி வாளிக்குள் போட்டு மூடி வையுங்கள். காலையில் அதை இரண்டு முறை தட்டி, உதறி, உள்ளே பார்த்த பிறகுதான் கால் நுழைய வேண்டும்.